நாலு இன்ஜெக்டர், எட்டு ரப்பர் வளையம்

பௌர்ணமி அன்று திருவண்ணாமலைக்குக் காரில் வந்தவர்களுக்கு அந்த ஊர் நெரிசலைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. கிரிவலப் பாதையின் 14 கிலோமீட்டரும் அன்றைக்கு நடப்பவர்களுக்கே சொந்தம். வண்டிகள் செங்கம் சாலையிலும் வேட்டவலம் சாலையிலும் திண்டிவனம் சாலையிலும் முதல் கியரில் ஊர்ந்துகொண்டிருக்கும். பழைய பெட்ரோல் கார் வைத்திருக்கும் உள்ளூர்க்காரர்கள், வண்டி 'மிஸ்' அடிக்க ஆரம்பித்தால் பழியை அந்த ஊர்தலின் மேல் போடுவது வழக்கம். உண்மையில் இன்ஜெக்டரைப் படிப்படியாகக் கெடுப்பது மாதத்தின் மற்ற நாட்கள்தான்.

வீட்டிலிருந்து ராஜகோபுரம் வரை பத்து நிமிட ஓட்டம், அங்கே அரை மணி நிறுத்தம். பிறகு ரமணாசிரமம், அங்கே ஒரு மணி நேரம். திரும்பும் வழியில் காய்கறிக் கடை. இப்படி ஒவ்வொரு முறையும் சூடான என்ஜின் நிறுத்தப்படுகிறது. ஓடும்போது இன்ஜெக்டரைக் குளிரவைத்துக்கொண்டிருந்த பெட்ரோல் ஓட்டம் நின்றுவிடுகிறது. என்ஜினின் சூடு மட்டும் மேலேறுகிறது. இன்ஜெக்டர் முனையில் தேங்கிய துளி பெட்ரோலில் லேசான பகுதி ஆவியாகிப் போக, கனமான பகுதி பிசினாகப் படிந்து காய்கிறது. நெடுஞ்சாலையில் நூறு கிலோமீட்டர் ஒரே மூச்சில் ஓடும் காருக்கு இது ஒரு தடவை நடக்கும். கோயில் ஊருக்குள் சுற்றும் காருக்கு ஒரே நாளில் ஐந்தாறு தடவை நடந்துவிடும்.

இது நம் ஊருக்கு மட்டும் வந்த சோதனையல்ல. 1980-களின் நடுவில் அமெரிக்காவில் ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனி இன்ஜெக்டர் வைத்த கார்கள் பரவியபோது, வாங்கிய சில மாதங்களிலேயே இன்ஜெக்டர் அடைத்துக்கொண்டு நின்ற வண்டிகள் ஏராளம். குறுகிய ஓட்டமும் சூடான நிறுத்தமும்தான் காரணம் என்று கண்டுபிடித்தார்கள். பெட்ரோலிலேயே படிவு கரைக்கும் சேர்மங்களைக் கலப்பது அதன்பின் பரவியது. 1995-இலிருந்து அந்த நாடு அதைக் கட்டாயமாக்கியது.

தமிழ்நாட்டில் சாதாரணக் குடும்பங்களுக்கு இன்ஜெக்டர் என்ற சொல் பழக்கமானது 1998-க்குப் பிறகுதான். அந்த ஆண்டு ஸ்ரீபெரும்புதூர் பக்கத்து இருங்காட்டுக்கோட்டை ஆலையிலிருந்து ஹூண்டாய் சான்ட்ரோ வெளிவந்தது. 999 சிசி, நாலு சிலிண்டர், கார்புரேட்டர் கிடையாது. அதுவரை ஊர் மெக்கானிக்குகள் ஜெட்டைக் கழற்றி ஊதிச் சரிசெய்து பழகியிருந்தார்கள். இந்த வண்டியின் பானெட்டைத் திறந்தால் ஊதுவதற்கு ஒன்றும் இல்லை, கப்ளர் மாட்டிய ஒயர்கள்தான் இருந்தன. 2000-ஐ ஒட்டி மாருதி 800-உம் எம்பிஎஃப்ஐ, அதாவது சிலிண்டருக்கொரு இன்ஜெக்டர் வைத்த வண்டி, ஆனது. புகை விதிகள் இறுக இறுக, கார்புரேட்டருக்குப் புதிய கார்களில் இடமில்லாமல் போயிற்று. மாருதி 800 தயாரிப்பு 2014 ஜனவரியில் நின்றது. பழைய சான்ட்ரோவும் அதே ஆண்டு முடிவில் விடைபெற்றது. ஆனால் இரண்டும் இன்றும் திருவண்ணாமலைத் தெருக்களில் ஓடுகின்றன. அவற்றின் இன்ஜெக்டர்கள் பலவும் தொழிற்சாலையில் மாட்டியவையே.

இன்ஜெக்டர் என்பது மின்சாரத்தால் திறக்கும் ஒரு சிறு வால்வு. உள்ளே செம்புக் கம்பிச் சுருள். அதற்கு மின்சாரம் வந்தால் ஊசி மேலே தூக்கப்படும். சுமார் 3 பார் அழுத்தத்தில் காத்திருக்கும் பெட்ரோல் நுண்துளைகள் வழியே, கொசுமருந்து அடித்தது போலப் பொடித்துளியாகப் பீய்ச்சும். ஐட்லிங்கில் ஒவ்வொரு முறையும் அது திறந்திருக்கும் நேரம் ஆயிரத்தில் இரண்டு மூன்று பங்கு நொடி. இவ்வளவு சின்னக் கணக்கில் பிசின் கொஞ்சம் படிந்தாலும் போதும், பீய்ச்சல் சொட்டாக மாறிவிடும்.

இதில் ஒரு சூட்சுமம் உண்டு. சைலன்சர் குழாயில் இருக்கும் ஆக்சிஜன் சென்சர் நாலு சிலிண்டரின் புகையையும் சேர்த்தே பார்க்கிறது. ஒரு இன்ஜெக்டர் மட்டும் குறைவாகக் கொடுத்தால், கலவையில் பெட்ரோல் குறைகிறது என்று வண்டியின் கணினி முடிவுகட்டி நாலுக்கும் சேர்த்து அதிகமாகக் கொடுக்கும். ஒழுங்காக இருந்த மூன்றும் தேவைக்கு மேல் குடிக்கும். மைலேஜ் விழுவதும், காலையில் ஸ்டார்ட் ஆகக் கொஞ்சம் தகராறு செய்வதும், சிக்னலில் நிற்கும்போது ஸ்டியரிங் நடுங்குவதும் இப்படித்தான் சேர்ந்து வருகின்றன.

ஆனால் "மிஸ் அடிக்குதுண்ணே" என்ற உடனே இன்ஜெக்டரைக் கழற்றச் சொல்கிற மெக்கானிக்கிடம் கொஞ்சம் எச்சரிக்கை தேவை. இதே அறிகுறியைத் தேய்ந்த ஸ்பார்க் பிளக்கும் தரும், கீறல் விழுந்த இக்னிஷன் காயிலும் தரும், அடைத்த பெட்ரோல் ஃபில்டரும் தரும். எலி கடித்த ஒயரும் தரும். பிளக்கை இடம் மாற்றிப் பார்ப்பதற்கும், நீள ஸ்க்ரூடிரைவரின் நுனியை இன்ஜெக்டர் மேலும் கைப்பிடியைக் காதிலும் வைத்து 'டிக் டிக்' சத்தம் வருகிறதா என்று கேட்பதற்கும் காசு செலவில்லை. சத்தமே இல்லாத இன்ஜெக்டரை மல்டிமீட்டரால் பார்க்கலாம். இந்த வகைக் கார்களில் பெரும்பாலும் 12 முதல் 16 ஓம் வரை காட்டும். அளவே காட்டாவிட்டால் உள்சுருள் அறுந்துவிட்டது. அதை எத்தனை முறை கழுவினாலும் பயனில்லை.

கழுவும் வேலை பட்டறையில் ஒரு சிறு தொட்டியில் நடக்கிறது. அல்ட்ராசோனிக் அலைகள் திரவத்தில் கோடிக்கணக்கான நுண்குமிழிகளை உண்டாக்கி உடைக்கும். அந்த அதிர்வு, தூரிகை போகாத இடத்திலிருந்தும் பிசினை உதிர்க்கும். தொட்டியில் கிடக்கும்போதே இன்ஜெக்டருக்கு மின்துடிப்புக் கொடுத்து ஊசியைத் திறந்து மூடவைக்க வேண்டும். இல்லாவிட்டால் உள்ளே அழுக்கு அப்படியே இருக்கும். பிறகு டெஸ்ட் பெஞ்ச். நாலு கண்ணாடிக் குழாய்களுக்கு மேல் நாலையும் நிறுத்தி, ஒரே நேரம் பீய்ச்சவிட்டு, எதில் எவ்வளவு மில்லி சேர்ந்தது என்று பார்ப்பார்கள். அழுத்தம் கொடுத்து மூடிவைத்துச் சொட்டுகிறதா என்பதும் இங்கேதான் தெரியும். சொட்டும் ஊசி தேய்ந்துவிட்டது என்று பொருள். அதற்குப் புதியதுதான் வழி.

உள்ளூரில் அந்த இயந்திரம் இல்லாவிட்டால் இன்ஜெக்டர்கள் வேலூருக்கோ சென்னைக்கோ போய் வர வேண்டும். எங்கே கொடுத்தாலும் கேட்டு வாங்க வேண்டியது, கழுவுவதற்கு முன்னும் பின்னும் எடுத்த மில்லி அளவு. அந்தத் தாள் இல்லாமல் பளபளவென்று திரும்பிவரும் இன்ஜெக்டர் வெளிப்புறம் மட்டும் துடைக்கப்பட்டதாகவும் இருக்கலாம். உள்ளே இருக்கும் சிறு வலை ஃபில்டரும் ரப்பர் வளையங்களும் புதிதாக மாற்றப்பட்டனவா என்பதையும் அப்போதே கேட்டுவிட வேண்டும்.

இத்தனையும் நன்றாக நடந்த பிறகும் வண்டி பழையபடியே நடுங்குவது உண்டு. சில நேரம் முன்னைவிட மோசமாகவும். அப்போது குறை பெரும்பாலும் கழுவியதில் இருக்காது, திரும்ப மாட்டியதில் இருக்கும்.

மாட்டுவதற்கு முன்பே ஆரம்பிக்கிறது விஷயம். இன்ஜெக்டர் வெளியூர் போயிருக்கும் இரண்டு மூன்று நாளும் இன்டேக் மேனிஃபோல்டில் நாலு ஓட்டைகள் திறந்து கிடக்கும். அதற்குள் விழும் நட்டோ மண்ணோ நேராக வால்வை நோக்கிப் போகும். சுத்தமான துணியோ டேப்போ போட்டு மூட வேண்டும். திருவண்ணாமலையில் இன்னொரு காவலும் தேவை. மலையடிவாரத்தில் பானெட்டைத் திறந்து போட்டுவிட்டு டீ குடிக்கப் போனால், குரங்கு எதை எடுத்துக்கொண்டு எந்த மரத்தில் ஏறும் என்று சொல்ல முடியாது.

பிறகு அந்த ஓட்டைகளை விரல் விட்டுப் பார்க்க வேண்டும். கழற்றும்போது பழைய ரப்பர் வளையம் இன்ஜெக்டரோடு வராமல் ஓட்டைக்குள்ளேயே தங்கிவிடுவது அடிக்கடி நடப்பது. அதைக் கவனிக்காமல் புதிய வளையம் போட்ட இன்ஜெக்டரைச் சொருகினால், ஒரே இடத்தில் இரண்டு வளையம் ஒன்றையொன்று நெருக்கும். இன்ஜெக்டர்களுக்குப் பெட்ரோல் கொண்டுவரும் குழாயான ஃபியூயல் ரெயில் கோணலாக உட்காரும். எண்ணிப் பார்ப்பதுதான் இதற்கு ஒரே வழி: நாலு இன்ஜெக்டர், மேலே ஒன்று கீழே ஒன்றாக எட்டு வளையம், பழையவை எட்டும் மேஜையில் கிடக்க வேண்டும். மூன்று சிலிண்டர் மாருதி என்றால் ஆறு.

மேலும் கீழுமாக இருக்கும் அந்த இரண்டுக்கும் வேலை வேறு. மேல் வளையம் 3 பார் பெட்ரோலைத் தடுக்கிறது; அது கசிந்தால் சூடான என்ஜின் மேல் பெட்ரோல் சொட்டும். தீப்பிடிக்கும் ஆபத்து அங்கேதான். கீழ் வளையத்தின் வழியே ஒன்றும் வெளியே வராது. மேனிஃபோல்டுக்குள் உறிஞ்சும் அழுத்தம் இருப்பதால், கணக்கில் வராத வெளிக்காற்று உள்ளே நுழையும். ஐட்லிங் ஏறி இறங்கும், ஒரு சிலிண்டர் மிஸ் அடிக்கும். அடைத்த இன்ஜெக்டர் தந்த அதே அறிகுறிகள்! உரிமையாளர், கழுவியவன் ஏமாற்றிவிட்டான் என்று சண்டைக்குப் போவார்.

வளையம் சில பத்து ரூபாய்ச் சாமான். ஆனாலும் எந்த வளையமும் ஆகாது. கம்ப்ரசர் கடையிலும் பம்ப் செட் கடையிலும் கிடைக்கும் சாதாரண ரப்பர் பெட்ரோலில் ஊறிப் பெருக்கும், சூட்டில் விறைக்கும். விட்டான் போன்ற எரிபொருள் தாங்கும் ரப்பர்தான் வேண்டும். 2023-இலிருந்து பங்க்குகளுக்கு வர ஆரம்பித்த 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் இந்தத் தேவையை இன்னும் கூட்டியிருக்கிறது. இருபது வருடத்துக்கு முந்தைய கார்களின் ரப்பர் பாகங்கள் அதை எண்ணிச் செய்யப்பட்டவையல்ல. எத்தனாலுக்கு ஈரத்தை இழுக்கும் குணமும் உண்டு. டேங்க் அடியில் வருடக்கணக்கில் படிந்திருந்ததையும் அது கரைத்துக் கிளப்பும். ஆகவே, இன்ஜெக்டரைக் கழுவிவிட்டுப் பெட்ரோல் ஃபில்டரை மாற்றாமல் விடுவது பாதி வேலை. மாதக்கணக்கில் ஷெட்டில் நிற்கும் கார்களுக்கு இது இரட்டிப்பாகப் பொருந்தும்.

இனி சொருகுதல். பேட்டரியின் நெகட்டிவ் கழற்றியே இருக்கட்டும். புதிய வளையத்தில் சுத்தமான என்ஜின் ஆயில் ஒரு சொட்டு தடவினால் போதும். உலர்ந்த வளையம் விளிம்பில் மாட்டிக் கிழியும், அல்லது சுருண்டுகொள்ளும். சிலிகான் கிரீஸ் தடவும் பழக்கம் சில பட்டறைகளில் உண்டு. அது ஊசித் துளைக்குள் போனாலும், எரிந்து புகையில் கலந்து ஆக்சிஜன் சென்சருக்குப் போனாலும் கேடுதான். முதலில் இன்ஜெக்டர்களை ஃபியூயல் ரெயிலில் மாட்டிக்கொண்டு, லேசாகத் திருகியபடி நேராக அழுத்த வேண்டும். பிறகு ரெயிலை மொத்தமாக மேனிஃபோல்டின் மேல் இறக்க வேண்டும். போல்டின் அடியில் வரும் சின்னப் பிளாஸ்டிக் ஸ்பேசர்கள் மறந்துபோக எளிதானவை. அவை இல்லாமல் ரெயில் கூடுதலாக இறங்கி வளையத்தை நசுக்கிவிடும்.

போல்டை முழுக்க இறுக்கும் முன் ஒரு சோதனை. ஒவ்வொரு இன்ஜெக்டரையும் விரலால் பிடித்துச் சுற்றிப் பார்த்தால் வழுவழுவென்று திரும்ப வேண்டும். இறுகி நின்றால் உள்ளே வளையம் மடிந்திருக்கிறது. வெளியே எடுத்து, வளையத்தைப் பார்த்து, சேதமென்றால் மாற்றி மறுபடி போட வேண்டியதுதான். ஹூண்டாயின் சர்வீஸ் கையேடே சொல்லும் சோதனை இது. ஒரு நிமிடம் கூட ஆகாது. அவசரத்தில் முதலில் கைவிடப்படுவதும் இதுதான். போல்டுகள் அலுமினியத்துக்குள் போகின்றன. நீளக் கைப்பிடி போட்டு உடம்பின் பலத்தைக் காட்டினால் மரை போய்விடும். இருபுறமும் மாறி மாறிச் சிறிது சிறிதாக இறுக்குவதே முறை.

கப்ளர்களைக் கழற்றும்போதே ஒன்று, இரண்டு என்று டேப்பில் எழுதி ஒட்டியிருந்தால் இப்போது தலையைச் சொறிய வேண்டாம். 'க்ளிக்' என்று பூட்டும் சத்தம் கேட்க வேண்டும். வயதான பிளாஸ்டிக் கிளிப் உடைந்திருந்தால் ஒயர் கட்டி ஒப்பேற்றியது அடுத்த வேகத்தடையில் கழன்றுவிடும்.

இதற்குப் பிறகு உடனே ஸ்டார்ட் செய்யக் கூடாது. பேட்டரியின் நெகட்டிவை மாட்டிவிட்டு, சாவியை ஆன் நிலைக்கு மட்டும் திருப்பினால் டேங்கில் இருக்கும் பம்ப் இரண்டொரு நொடி ஓடி நிற்கும். மூன்று நாலு முறை அப்படிச் செய்தால் காலியான ரெயில் நிறைந்து அழுத்தம் ஏறும். அப்போது டார்ச் அடித்து ஒவ்வொரு இன்ஜெக்டரின் கழுத்தையும் பார்க்க வேண்டும், காகிதம் ஒற்றிப் பார்க்க வேண்டும், மூக்குக்கும் வேலை கொடுக்க வேண்டும். வேலை முடிந்த வண்டிக்குக் கற்பூரம் காட்டி எலுமிச்சம்பழம் நசுக்கும் பழக்கம் நம் ஊர்ப் பட்டறைகளில் உண்டு. எலுமிச்சம்பழம் எப்போது வேண்டுமானாலும் ஆகட்டும். கற்பூரம் இந்தச் சோதனை முடிந்து, சிந்திய பெட்ரோல் காய்ந்த பிறகுதான்.

முதல் ஸ்டார்ட்டில் கொஞ்சம் நேரம் எடுப்பதும், அரை நிமிடம் கரகரப்பதும் இயல்பு. அதற்குப் பிறகும் ஐட்லிங் ஊசலாடினால் கீழ் வளையங்களைச் சுற்றிச் சோப்புத் தண்ணீரைத் தெளித்துப் பார்க்கலாம். எங்கே தெளிக்கும்போது சத்தம் மாறுகிறதோ அங்கே காற்று போகிறது. சில மெக்கானிக்குகள் இதற்குக் கார்ப் கிளீனர் ஸ்ப்ரேயை அடிப்பார்கள். சூடான மேனிஃபோல்டின் அருகே தீப்பற்றும் திரவத்தை அடிப்பது வேண்டாத துணிச்சல். எல்லாம் சரியென்றால் மறுநாள் காலை, இரவெல்லாம் நின்ற வண்டியில் மறுபடி ஒரு முறை டார்ச்.

டீசல் வண்டிகளின் கதை வேறு. மெக்கானிக்குகள் அங்கே இன்ஜெக்டர் என்று சொல்வதில்லை, 'நாசில்' என்பார்கள். டீசல் அம்பாசடர், டாடா சுமோ, இண்டிகா என்று யாத்திரிகர்களைச் சுமந்த தலைமுறை முழுவதும் அந்தச் சொல்லோடுதான் ஓடியது. 1951-இல் பெங்களூரில் தொடங்கிய மைக்கோ நிறுவனத்தின் பெயர்ப்பலகை, 2008-இல் அது பாஷ் ஆன பிறகும், பல ஊர் பம்ப் பட்டறைகளின் வாசலில் தொங்கியது. நாசில் மாட்டுவதில் ரப்பர் வளையத்தின் இடத்தைச் செம்பு வாஷர் பிடிக்கிறது. ஒருமுறை நசுங்கிய வாஷர் மறுபடி அடைக்காது. பழையதைத் தீயில் காட்டி மீண்டும் போடுவது சிக்கனமாகத் தெரியும். சிலிண்டரில் எரிந்த வாயு அதன் ஓரமாக ஏறி நாசிலைச் சுற்றிக் கரியாகக் கெட்டித்துவிட்டால், அடுத்த முறை கழற்றும் கூலி அந்தச் சிக்கனத்தை விழுங்கிவிடும். பிறகு 'ஏர் எடுக்க' வேண்டும். பைப் நட்டைத் தளர்த்தி, செல்ஃப் அடித்து, குமிழி இல்லாமல் டீசல் வரும்வரை பார்த்து இறுக்குவது பழைய வண்டிகளுக்குச் சரிவரும்.

2007-இல் ஸ்விஃப்ட் டீசலோடு வீட்டுக்கு வீடு வந்த 1.3 லிட்டர் மல்டிஜெட் போன்ற காமன் ரெயில் என்ஜின்களில் அந்தப் பழக்கத்தைக் காட்டக் கூடாது. ஆயிரம் பாரைத் தாண்டும் அழுத்தம் அங்கே. ஓடும் என்ஜினில் நட்டைத் தளர்த்தினால் பீய்ச்சும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும். வெளியே ஊசி குத்திய அடையாளம் மட்டும் தெரியும், ஆனால் அது உடனே அறுவைசிகிச்சை வரை போக வேண்டிய காயம். இந்த வகை இன்ஜெக்டர்கள் பலவற்றின் தலையில் ஒரு குறியீட்டு எண் பொறித்திருக்கும். எந்த இன்ஜெக்டர் எவ்வளவு கொடுக்கிறது என்ற அதன் தனிக்கணக்கு அதில் இருக்கிறது. மாற்றி மாட்டினால் அந்த எண்ணை ஸ்கேனர் மூலம் கணினிக்குச் சொல்லியாக வேண்டும். அந்த ஸ்கேனர் இல்லாத பட்டறையில் இந்த வேலையைக் கொடுக்காமல் இருப்பது நல்லது.

பதினைந்து வயதைத் தாண்டிய சொந்தக் காருக்கு ஆர்சி புதுப்பிக்கும் கட்டணத்தை 2022 ஏப்ரலில் 600 ரூபாயிலிருந்து 5,000-க்கு ஏற்றினார்கள். அந்தச் சமயத்தில் புகைச் சான்றும் கேட்பார்கள். எடுக்கும்போது அச்சாகி வரும் சீட்டை மடித்து வைக்கும் முன் எண்களைப் பார்க்கலாம். பாரத் ஸ்டேஜ் 2, 3 புகை விதிக் காலத்துப் பெட்ரோல் கார்களுக்கு ஐட்லிங்கில் கார்பன் மோனாக்சைடு 0.5 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். பாரத் ஸ்டேஜ் 4 என்றால் 0.3. புதிதாக மாட்டிய இன்ஜெக்டரோடு இந்த அளவு மேலே போனால், ஏதாவது ஒன்று சொட்டிக்கொண்டிருக்கலாம். டெஸ்ட் பெஞ்ச் தாளில் அந்தக் கசிவுச் சோதனை எழுதியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு, இருந்தால் அடுத்து ஆக்சிஜன் சென்சரின் கப்ளரைக் கழற்றலாம்.